லேப்டாப்பில் 200, சர்வரிலிருந்து 401: நான் அனுப்பும் ஹெட்டர் எங்கே காணாமல் போகிறது?

கிடங்குக்காரன் | செவ்வாய், இரவு 9.50

வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். யாராவது கை கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

எங்களுடையது சின்ன கிடங்கு மென்பொருள். ஆர்டர் பேக் ஆனதும் ஒரு கூரியர் நிறுவனத்தின் ஏபிஐக்கு (மென்பொருளோடு மென்பொருள் பேசும் வாசல்) தகவல் போக வேண்டும். அவர்கள் தந்த ஆவணப்படி ஒவ்வொரு அழைப்போடும் மூன்று ஹெட்டர் (அழைப்பின் தலையில் ஒட்டும் பெயர்-மதிப்புக் குறிப்பு) போகணும்: ஏபிஐ_கீ, எக்ஸ்-டைம்ஸ்டாம்ப், எக்ஸ்-சிக்னேச்சர். மெத்தட், பாத், ஹோஸ்ட், நேரம், பாடி ஐந்தையும் வரிக்கு ஒன்றாக அடுக்கி, எங்களுக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரிந்த சீக்ரெட்டை வைத்து எச்மேக் ஷா256 என்ற கணக்கைப் போட்டால் வருவதுதான் சிக்னேச்சர்.

அவர்கள் கொடுத்த விபிஎன் (அவர்கள் உள்நெட்வொர்க்குக்குப் போகும் தனிவழி) வழியாக உள்ளே போய், லேப்டாப்பிலிருந்து 3000 போர்ட்டில் நேராகச் சோதித்தேன். 200 வந்தது, அதாவது வெற்றி. அதே பைத்தான் கோடை எங்கள் கிளவுட் சர்வரில் ஏற்றி அவர்களுடைய பொது முகவரிக்கு அனுப்பினால் 401, அதாவது ஆள் யாரென்று தெரியவில்லை என்ற மறுப்பு. கூடவே "ஏபிஐ கீ இல்லை" என்று ஒரு வரி ஜேசான். கீ தப்பு என்று சொல்லியிருந்தால் புரியும். இல்லை என்கிறது. நான் அனுப்பாமல் இல்லை. கர்ல் என்ற கட்டளைக் கருவியில் மைனஸ் வி போட்டு எடுத்த வெளியீட்டைக் கீழே ஒட்டியிருக்கிறேன், அதில் ஹெட்டர் தெளிவாகத் தெரிகிறது.

[வெளியீடு நடத்துநரால் மறைக்கப்பட்டது]

நடத்துநர் | செவ்வாய், இரவு 9.58

கிடங்குக்காரன், நீங்கள் ஒட்டிய வெளியீட்டில் கீ முழுசாக இருந்தது. மறைத்துவிட்டேன். ஆனாலும் எட்டு நிமிடம் பொதுவெளியில் இருந்திருக்கிறது, தேடுபொறிகளின் ரோபோக்கள் அதற்குள் வந்து போயிருக்கலாம். அந்தக் கீ இனி உங்களுடையது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்றிரவே கூரியர் நிறுவனத்திடம் சொல்லி ரத்து செய்து புதியது வாங்கிவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

கிடங்குக்காரன் | செவ்வாய், இரவு 10.20

மிகவும் நன்றி. அவர்கள் டாஷ்போர்டிலேயே மாற்றும் வசதி இருந்தது, மாற்றிவிட்டேன். புதுக் கீயிலும் அதே 401.

முதல்வருடம் | செவ்வாய், இரவு 10.31

அண்ணா, இது கார்ஸ் (ஒரு தளம் இன்னொரு தளத்தைக் கூப்பிட பிரவுசர் வெச்சிருக்கற விதி) பிரச்சினையா இருக்குமோ? எங்க காலேஜ் ப்ராஜெக்ட்ல கஸ்டம் ஹெட்டர் சேர்த்ததும் ரிக்வெஸ்டே போகல. சர்வர் பக்கம் அந்த ஹெட்டர் பேரை அனுமதிப் பட்டியல்ல சேர்த்த பிறகுதான் ஓடுச்சு.

வேப்பமரத்தடி | செவ்வாய், இரவு 10.44

தம்பி, உங்கள் ப்ராஜெக்டில் நடந்தது சரிதான். வேறு தளத்துக்குப் போகும் அழைப்பில் பிரவுசர் ஒரு கஸ்டம் ஹெட்டரைக் கண்டால் முதலில் ஆப்ஷன்ஸ் என்று ஒரு முன்னோட்ட அழைப்பை அனுப்பி அனுமதி கேட்கும், அனுமதி கிடைத்த பிறகுதான் உண்மையான அழைப்பு. ஆனால் அது பிரவுசர் தனக்குத்தானே வைத்திருக்கும் கட்டுப்பாடு. இங்கே இரண்டு பக்கமும் சர்வர், நடுவில் பிரவுசரே இல்லை. ஆகவே கார்ஸைத் தள்ளிவைத்துவிடலாம்.

கிடங்குக்காரன், இந்த 401ஐச் சொன்னது யார்? உங்களுக்கும் அவர்கள் அப்ளிகேஷனுக்கும் நடுவே எத்தனை கை இருக்கிறது? லேப்டாப்பிலிருந்து போனது நேர்வழி. சர்வரிலிருந்து போவது பொது முகவரி, அங்கே முன்வாசலில் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கும். ரெஸ்பான்ஸில் சர்வர் என்ற ஹெட்டர் என்ன சொல்கிறது? முன்வாசலே திருப்பி அனுப்பியிருந்தால் பெரும்பாலும் அதன் சொந்த எச்டிஎம்எல் பக்கம் வரும். உங்களுக்கு வந்திருப்பது ஜேசான். அப்படியானால் அழைப்பு அப்ளிகேஷன் வரை போயிருக்கிறது, ஹெட்டர் மட்டும் வழியில் விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

கர்ல் காட்டுவது நீங்கள் அனுப்பியதை மட்டுமே. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது என்ன என்று அதற்குத் தெரியாது.

கிடங்குக்காரன் | செவ்வாய், இரவு 10.52

சர்வர் ஹெட்டரில் எஞ்சின்எக்ஸ் என்று இருக்கிறது, முன்வாசலில் நிற்கும் வெப் சர்வர் மென்பொருள். உள்ளே அவர்கள் அப்ளிகேஷன் நோட் ஜேஎஸ், எக்ஸ்பிரஸ், அதாவது ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது.

தறிச்சத்தம் | செவ்வாய், இரவு 11.05

கிடைச்சிருச்சு. உங்க ஹெட்டர் பேரைப் பாருங்க: ஏபிஐ_கீ. நடுவுல இருக்கறது அண்டர்ஸ்கோர், அடிக்கோடு (_).

எஞ்சின்எக்ஸ், பெயர்ல அண்டர்ஸ்கோர் இருக்கற ஹெட்டரை செல்லாத ஹெட்டர்னு கணக்குல வெச்சு அப்படியே கீழே போட்டுரும். அதுக்கான அமைப்பு பேரு அண்டர்ஸ்கோர்ஸ்_இன்_ஹெட்டர்ஸ், இயல்புநிலையில ஆஃப். எரர் வராது, ரிக்வெஸ்ட் நிக்காது, மத்த ஹெட்டர் எல்லாம் ஒழுங்கா உள்ளே போகும். இது ஒண்ணு மட்டும் காணாம போகும். லாக்லயும் தேடினா கிடைக்காது. "கிளையன்ட் செல்லாத ஹெட்டர் வரி அனுப்பியது"ங்கற அர்த்தத்துல ஒரு வரி எழுதும்தான், ஆனா அதை இன்ஃபோ மட்டத்துல எழுதும். எரர் லாக்கோட இயல்பு மட்டம் எரர். அதுக்குக் கீழே இருக்கறது எதுவும் ஃபைலுக்கு வராது.

லேப்டாப்ல நீங்க 3000க்கு நேரா போனீங்க, நடுவுல எஞ்சின்எக்ஸ் இல்ல. நோட் ஜேஎஸ் அண்டர்ஸ்கோரைப் பத்திக் கவலைப்படாது. அதான் 200.

ஒரு நிமிஷத்துல சோதிக்கலாம். அதே ரிக்வெஸ்டுல ஏபிஐ_கீயோட கூட, அண்டர்ஸ்கோருக்குப் பதிலா நடுக்கோடு (-) போட்டு ஏபிஐ-கீன்னும் ஒண்ணு அனுப்புங்க. அவங்க ஆளை, உள்ளே வர்ற ஹெட்டர் பட்டியலை ஒரு தடவை பிரிண்ட் பண்ணச் சொல்லுங்க, மதிப்பு வேண்டாம், பேரு மட்டும். கோடு போட்டது வந்து அண்டர்ஸ்கோர் வரலைன்னா சந்தேகமே இல்ல.

கிடங்குக்காரன் | புதன், காலை 11.30

அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. அவர்கள் பொறியாளர் பட்டியலைக் காட்டினார். கோடு போட்டது இருக்கிறது, அண்டர்ஸ்கோர் போட்டது இல்லை. மூன்று நாள் என் கோடையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

இதுவரை அவர்கள் எல்லா வாடிக்கையாளருக்கும் விபிஎன் கொடுத்திருந்தார்களாம். பொது முகவரி வழியாக வருகிற முதல் ஆள் நாங்கள்தான். அதனால் யாருக்கும் தெரியவில்லை.

உப்பளம் | புதன், நண்பகல் 12.10

அப்புறம் என்ன, அந்த அமைப்பை ஆன் பண்ணச் சொல்லுங்கள். ஒரு வரி வேலை.

எங்களுக்கும் இதே மாதிரி ஒன்று நடந்தது, வேறு இடத்தில். எஞ்சின்எக்ஸில் அண்டர்ஸ்கோரை அனுமதித்துத்தான் வைத்திருந்தோம், வருடக்கணக்கில் ஓடியது. எங்கள் பைத்தான் அப்ளிகேஷனை ஓட்டும் குனிகார்ன் சர்வரை 22ஆம் பதிப்புக்கு ஏற்றியதும் ஒரே நாளில் எல்லா வாடிக்கையாளருக்கும் 401. அந்தப் பதிப்பிலிருந்து குனிகார்னும் அண்டர்ஸ்கோர் ஹெட்டரை இயல்பாகவே கழித்துவிடுகிறது, ஹெட்டர் மேப் என்று அதற்கு ஒரு அமைப்பு வைத்திருக்கிறார்கள். நாங்கள் பழைய நடத்தைக்குத் திருப்பி வைத்தோம், சரியானது.

தறிச்சத்தம் | புதன், மதியம் 1.25

உப்பளம், உங்க இடத்துல அவசரத்துக்கு அது சரி. ஆனா அப்படியே விட்டுராதீங்கன்னு கேட்டுக்கறேன். இதை எதுக்குத் தூக்கி எறியறாங்கன்னு பார்க்கணும்.

சிஜிஐ (வெப் சர்வர் அப்ளிகேஷனை ஓட்டற பழைய முறை) காலத்து வழக்கம் ஒண்ணு இன்னும் ஓடிட்டிருக்கு. வெப் சர்வர் ஹெட்டரை உள்ளே கொடுக்கும்போது எல்லாத்தையும் பெரிய எழுத்தாக்கி, கோடு இருக்கற இடத்துல அண்டர்ஸ்கோர் போட்டு, முன்னாடி எச்டிடிபின்னு ஒட்டிக் கொடுக்கும். பைத்தானோட டபிள்யூஎஸ்ஜிஐயும் அதே வழிதான். அப்போ எக்ஸ்-ஆத்-யூசர், எக்ஸ்_ஆத்_யூசர் ரெண்டும் உள்ளே போனதும் ஒரே பேரு ஆயிருது. உங்க ப்ராக்ஸி, அதாவது முன்வாசல் சர்வர், யார் லாகின் பண்ணாங்கன்னு எக்ஸ்-ஆத்-யூசர்ல எழுதி உள்ளே அனுப்புதுன்னு வெச்சுக்குங்க. வெளியாள் அந்தப் பேர்ல அனுப்பினா ப்ராக்ஸி அதை அழிச்சுட்டு தன்னோடதை எழுதும். அண்டர்ஸ்கோர் போட்டு அனுப்பினா? அது வேற பேருன்னு நினைச்சு விட்டுரும். உள்ளே போய் ரெண்டும் ஒண்ணாயிரும். வெளியாள் நிர்வாகியா உள்ளே வந்துருவான்.

கற்பனை இல்ல. பைத்தான் வெப் கட்டமைப்பான ஜாங்கோ 2015 ஜனவரியில இதுக்காகவே பாதுகாப்பு வெளியீடு கொடுத்தாங்க, பாதுகாப்புக் குறை எண் சிவிஇ-2015-0219. அதுக்கப்புறம் ஜாங்கோவோட சோதனைச் சர்வரான ரன்சர்வரும் அண்டர்ஸ்கோர் ஹெட்டரைக் கழிக்க ஆரம்பிச்சுது. அப்பாச்சி 2.4ம் இப்படிப்பட்ட பேரை சிஜிஐக்குள்ள விடாது. இத்தனை பேரும் ஒரே முடிவுக்கு வந்திருக்காங்கன்னா காரணம் இருக்கு.

இந்தக் கூரியர் கம்பெனி விஷயத்துல உள்ளே இருக்கறது நோட் ஜேஎஸ், ரெண்டு பேரும் அங்கே தனித்தனியாத்தான் இருக்கும், உடனடி ஆபத்து இல்ல. இருந்தாலும் நாளைக்கு அதே எஞ்சின்எக்ஸுக்குப் பின்னாடி ஒரு ஜாங்கோவோ பிஎச்பியோ வைக்க மாட்டாங்கன்னு யார் சொல்ல முடியும்?

என் யோசனை: கிடங்குக்காரன் எக்ஸ்-ஏபிஐ-கீன்னு அனுப்பட்டும். அவங்க எஞ்சின்எக்ஸ்ல ப்ராக்ஸி_செட்_ஹெட்டர் ஒரு வரி போட்டு, வர்ற மதிப்பை ஏபிஐ_கீங்கற பேர்ல உள்ளே அனுப்பட்டும். எஞ்சின்எக்ஸ் வெளியிலிருந்து வர்றதைத்தான் கழிக்கும், தான் உள்ளே அனுப்பறதுல நாம சொன்ன பேரை அப்படியே வைக்கும். அப்ளிகேஷன் கோடைத் தொட வேண்டாம், பழைய விபிஎன் வாடிக்கையாளருக்கும் பாதிப்பு இல்ல.

இன்னொண்ணு. ஆன் பண்ணியே ஆகணும்னு யாராவது முடிவெடுத்தா, அதை சர்வர் பிளாக்குல போட்டுட்டு ஏன் வேலை செய்யலன்னு குழம்ப வேண்டாம். அதே போர்ட்டுல வேற டிஃபால்ட் சர்வர் இருந்தா அதோட மதிப்பு எடுத்துக்கப்படலாம்னு ஆவணத்துலயே சொல்லியிருக்கு.

உப்பளம் | புதன், மதியம் 1.50

இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. எங்களிடம் ப்ராக்ஸிதான் பயனர் பெயரை எழுதி அனுப்புகிறது. இன்றைக்கே எடுத்துப் பார்க்கிறேன். நன்றி அக்கா.

பனங்காடு | புதன், மாலை 6.15

தலைப்பைப் பார்த்து வந்தேன். எனக்கும் "லேப்டாப்பில் ஓடும், சர்வரில் ஓடாது"தான், காரணம் வேறு. பின்னால் தேடி வருபவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் ஆதரைசேஷன் ஹெட்டரில் பேரர் டோக்கனை நானே வைத்து அனுப்பினேன். எதிர்ப்பக்கம் வந்ததோ பேசிக், அதாவது யூசர் பெயர்-பாஸ்வேர்ட் முறை. நான் எழுதாத ஒன்று எப்படிப் போகும் என்று ஒரு நாள் முழுக்கத் தேடினேன். அந்தச் சர்வரில் யாரோ கிட்டுக்காக ஹோம் டைரக்டரியில் நெட்ஆர்சி ஃபைல் (ஹோஸ்ட்வாரியாக யூசர் பெயர், பாஸ்வேர்ட் இருக்கும்) வைத்திருந்தார்கள், அதில் அதே ஹோஸ்ட் பெயர். ரிக்வெஸ்ட்ஸ் அந்த ஃபைலைப் பார்த்தால் நாம் கையால் வைத்த ஆதரைசேஷனை மாற்றிவிடும். ஆவணத்தில் இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. செஷனில் டிரஸ்ட்_என்வி என்பதை ஃபால்ஸ் ஆக்கினேன், நின்றது. அப்படிச் செய்தால் சூழல் மாறிகளில் உள்ள ப்ராக்ஸி அமைப்பும் சேர்ந்து போய்விடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிடங்குக்காரன் | வியாழன், மாலை 4.40

தறிச்சத்தம் அக்கா சொன்னபடி அவர்கள் எஞ்சின்எக்ஸில் வரியைச் சேர்த்தார்கள், நான் எக்ஸ்-ஏபிஐ-கீ அனுப்பினேன். 401 போய்விட்டது. இப்போது 403. "சிக்னேச்சர் பொருந்தவில்லை" என்கிறது.

அதே கோட், அதே சீக்ரெட். விபிஎன் வழியாக லேப்டாப்பில் இன்றும் 200 வருகிறது.

வேப்பமரத்தடி | வியாழன், மாலை 5.10

401 போய் 403 வந்தது முன்னேற்றம், மனம் தளர வேண்டாம். ஆள் யாரென்று தெரிந்துகொண்டார்கள், கையெழுத்துதான் ஒத்துப்போகவில்லை.

மூன்று விஷயம் பாருங்கள். நேரம்: இரண்டு சர்வரின் கடிகாரமும் ஒத்திருக்கிறதா? நேரத்தை எப்படி எடுக்கிறீர்கள்? டேட்டைமின் யுடிசிநவ் எடுத்து அதன்மேல் டைம்ஸ்டாம்ப் போட்டிருந்தால், நம் ஊர் நேரத்தில் ஓடும் கணினியில் சரியாக 19,800 விநாடி, அதாவது ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போகும். உங்களுக்கு லேப்டாப்பில்தான் சரியாக வருகிறது என்பதால் இது இருக்காது, ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

சீக்ரெட்: லேப்டாப்பில் எங்கிருந்து எடுக்கிறீர்கள், சர்வரில் எங்கிருந்து? சர்வரில் ஃபைல் என்றால் எத்தனை பைட் என்று எண்ணிப் பாருங்கள்.

பாடி: எந்த பைட்டுகளுக்குக் கையெழுத்துப் போடுகிறீர்களோ அதே பைட்டுகள்தான் போகின்றனவா? ரிக்வெஸ்ட்ஸிடம் ஜேசான் என்று டிக்ஷனரியைக் கொடுத்தால் அது தன் வழியில் காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் பின்னால் இடைவெளி விட்டு எழுதும். நீங்கள் இடைவெளி இல்லாமல் எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் பொருந்தாது.

கிடங்குக்காரன் | வியாழன், மாலை 5.48

நேரத்தை டைம் டாட் டைமில் எடுக்கிறேன், கடிகாரம் ஒரு விநாடி கூட வித்தியாசம் இல்லை. பாடியை நானே இடைவெளி இல்லாமல் பைட்டாக்கி, கையெழுத்திட்ட அதே பைட்டுகளை டேட்டாவாக அனுப்புகிறேன்.

ஆனால் சீக்ரெட்! அது 64 எழுத்து. சர்வரில் எண்ணினால் 65. எக்கோ போட்டு ஃபைலில் எழுதியபோது கடைசியில் ஒரு புதுவரி ஒட்டியிருக்கிறது. லேப்டாப்பில் என்வி ஃபைலிலிருந்து எடுப்பதால் அங்கே ஒட்டவில்லை. இதை ஸ்ட்ரிப் பண்ணி மறுபடி ஏற்றுகிறேன்.

வேப்பமரத்தடி | வியாழன், மாலை 6.02

இந்தப் புதுவரி ஹெட்டர் மதிப்பில் ஒட்டியிருந்தால் பைத்தானே செல்லாத ஹெட்டர் என்று கத்தியிருக்கும். எச்மேக் கீயில் ஒட்டினால் யாரும் கத்த மாட்டார்கள், அதற்கு எந்த பைட்டும் கீதான். கணக்கு ஒழுங்காக நடக்கும், விடை மட்டும் வேறாக வரும். இந்த ஒற்றை பைட்டுக்கு நான் ஒரு பொங்கல் விடுமுறையையே கொடுத்திருக்கிறேன், வலி தெரிந்து சொல்கிறேன்.

கிடங்குக்காரன் | வியாழன், இரவு 7.30

சரி செய்துவிட்டேன், 64 ஆகிவிட்டது. இன்னும் 403.

வேப்பமரத்தடி | வியாழன், இரவு 7.55

அப்படியென்றால் இன்னொன்றும் இருக்கிறது. இனி ஊகம் வேண்டாம் தம்பி. கையெழுத்திடப் போகும் அந்த ஐந்து வரியை நீங்கள் ஒரு ஃபைலில் எழுதுங்கள். அவர்களும் தங்கள் பக்கம் சரிபார்க்கக் கட்டும் ஐந்து வரியை எழுதட்டும். அதில் சீக்ரெட் கிடையாது, மாற்றிக்கொள்வதில் ஆபத்து இல்லை, பாடியில் வாடிக்கையாளர் விவரம் இருந்தால் மட்டும் சோதனைத் தரவு போடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாடிக்குப் பதில் அதன் ஷா256 போதும்.

கிடங்குக்காரன் | வெள்ளி, காலை 10.15

நான்கு வரி ஒன்று. மூன்றாவது வரி வேறு. என்னுடையதில் அவர்களுடைய பொது டொமைன் பெயர். அவர்களுடையதில் 127.0.0.1:3000, அதாவது அந்தச் சர்வருக்குள்ளேயே இருக்கும் முகவரி.

இது எப்படி? அவர்கள் கான்ஃபிக்கில் ஹோஸ்டை அப்படியே அனுப்பச் சொல்லி சர்வர் பிளாக்கில் வரி இருக்கிறது, அவரே காட்டினார்.

தறிச்சத்தம் | வெள்ளி, காலை 10.40

ஐயோ, இது நான் கொடுத்த வரியால வந்தது. முன்னாடியே எச்சரிச்சிருக்கணும், மன்னிச்சுக்குங்க.

ப்ராக்ஸி_செட்_ஹெட்டர் மேல் மட்டத்துல எழுதினது கீழே இறங்கும், ஆனா கீழ் மட்டத்துல அதே கட்டளை ஒண்ணுகூட இல்லாத வரைக்கும்தான். சர்வர் பிளாக்குக்குள்ள இருக்கற லொகேஷன் பிளாக்குல ஒரே ஒரு வரி சேர்த்தாலும் மேல எழுதின அத்தனையும் அந்த லொகேஷனுக்குச் செல்லாது. சேர்த்துக்காது, மொத்தமா மாத்திரும். அவர் நான் சொன்ன ஏபிஐ_கீ வரியை லொகேஷனுக்குள்ள போட்டிருப்பார். உடனே மேல இருந்த ஹோஸ்ட் வரி, வாடிக்கையாளர் ஐபியை அனுப்பற வரி எல்லாம் போயிருச்சு. ஹோஸ்டுக்கு எஞ்சின்எக்ஸோட இயல்பு மதிப்பு, ப்ராக்ஸி எங்கே போகுதோ அந்த முகவரி. அதான் 127.0.0.1:3000.

மேல இருக்கற எல்லா வரியையும் லொகேஷனுக்குள்ள திரும்ப எழுதச் சொல்லுங்க, இல்லைன்னா ஏபிஐ_கீ வரியையும் மேலே ஏத்தச் சொல்லுங்க. ஐபி வரியும் போனதால ரெண்டு நாளா அவங்க லாக்ல எல்லா ரிக்வெஸ்டும் 127.0.0.1லேர்ந்து வந்த மாதிரி பதிவாயிருக்கலாம். அதையும் அவர்கிட்ட சொல்லிருங்க, பாவம், பிற்பாடு குழம்பக்கூடாது.

கிடங்குக்காரன் | வெள்ளி, காலை 11.35

200 அக்கா! பொது முகவரியிலிருந்து 200! மன்னிப்பெல்லாம் எதற்கு, நீங்கள் இல்லாவிட்டால் இன்னும் முதல் நாளிலேயே நின்றிருப்பேன். மதியம் உண்மையான ஆர்டர்களைத் திறந்துவிடப் போகிறோம்.

பனங்காடு | வெள்ளி, நண்பகல் 12.05

வாழ்த்துகள். திறப்பதற்கு முன் ஒன்று: ரீடைரக்டை (வேறு முகவரிக்குப் போ என்று வரும் பதிலை) பின்தொடர்வதை நிறுத்தி வையுங்கள். வேறு ஹோஸ்டுக்கு ரீடைரக்ட் ஆனால் ரிக்வெஸ்ட்ஸ் ஆதரைசேஷன் ஹெட்டரைக் கழற்றிவிடும், கர்லும் 2018 ஜனவரியில் வந்த 7.58.0 முதல் அப்படித்தான். ஆனால் எக்ஸ்-ஏபிஐ-கீ போல நாமே பெயர் வைத்த ஹெட்டர் ரகசியம் என்று அவற்றுக்குத் தெரியாது, புது ஹோஸ்டுக்கும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடும். முகவரியில் எச்டிடிபிஎஸ் என்றே எழுதியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். எச்டிடிபி என்று எழுதி ரீடைரக்டை நம்பினால் முதல் அழைப்பிலேயே கீ திறந்தவெளியில் போய்விடும்.

கிடங்குக்காரன் | வெள்ளி, நண்பகல் 12.20

எச்டிடிபிஎஸ்தான். ரீடைரக்டையும் நிறுத்திவிட்டேன்.

முதல்வருடம் | வெள்ளி, மதியம் 1.00

எக்ஸ்- போடறது கட்டாயமா அண்ணா? எல்லா கஸ்டம் ஹெட்டரும் அப்படியேதான் ஆரம்பிக்குது.

வேப்பமரத்தடி | வெள்ளி, மதியம் 1.12

கட்டாயம் இல்லை. புதிதாகப் பெயர் வைப்பவர்கள் எக்ஸ்- போட வேண்டாம் என்று 2012இல் வந்த ஆர்எஃப்சி 6648 என்ற இணைய ஆவணம் சொல்கிறது. தற்காலிகமென்று எக்ஸ்- போட்டு வைத்த பெயர் நிலைத்துப்போனால், பிறகு எக்ஸ்- இல்லாத பெயரையும் சேர்த்துத் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கிறது, அதனால். பழக்கத்தால் இன்னும் எல்லோரும் போடுகிறார்கள். பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதமும் கிடையாது, எச்டிடிபி 2இல் எல்லாமே சின்ன எழுத்தாகத்தான் போகும்.

கிடங்குக்காரன் | வெள்ளி, இரவு 8.25

மறுபடி வருகிறேன். மதியம் முதல் 140 ஆர்டர் போயிருக்கிறது. அதில் 11க்கு மட்டும் 403, அதே "சிக்னேச்சர் பொருந்தவில்லை". மீண்டும் அனுப்பினாலும் அதே 11தான் விழுகிறது. ஆக நேரமோ நெட்வொர்க்கோ இல்லை, அந்த ஆர்டர்களிலேயே ஏதோ இருக்கிறது. பட்டியலைப் பார்த்தேன். ஒன்பதில் முகவரி தமிழில் இருக்கிறது. மற்ற இரண்டும் ஆங்கிலம்தான்.

சோதனை எல்லாவற்றையும் ஆங்கில முகவரியில்தான் செய்தேன்.

வேப்பமரத்தடி | வெள்ளி, இரவு 8.50

அந்த இரண்டு ஆங்கில ஆர்டரில் எடையோ விலையோ முழு எண்ணாக, பின்னால் புள்ளி பூஜ்யத்தோடு இருக்கிறதா பாருங்கள். 250.0 என்பது போல.

கிடங்குக்காரன் | வெள்ளி, இரவு 8.54

இருக்கிறது! இரண்டிலும் எடை 12.0, 5.0 என்று. எப்படிச் சொன்னீர்கள்?

வேப்பமரத்தடி | வெள்ளி, இரவு 9.20

அவர்கள் உங்கள் பாடியை வந்தபடியே வைத்துச் சரிபார்க்கவில்லை. எக்ஸ்பிரஸ் முதலில் ஜேசானைப் பிரித்து ஆப்ஜெக்ட் ஆக்குகிறது. பிறகு சிக்னேச்சர் பார்க்கும் இடத்தில் அந்த ஆப்ஜெக்டை ஸ்ட்ரிங்கிஃபை செய்து திரும்ப எழுதுகிறார்கள். திரும்ப எழுதியது உங்கள் பைட்டுகளோடு தற்செயலாக ஒத்துப்போகும் வரை எல்லாம் நடக்கும்.

பைத்தானின் ஜேசான் இயல்பாக, ஆஸ்கிக்கு (ஆங்கில எழுத்து, எண், குறிகள் மட்டும் உள்ள பட்டியல்) வெளியே இருக்கும் எழுத்தை அப்படியே எழுதாது. "ச" என்பதை பின்சாய்வுக்கோடு, யு, அதன் யூனிகோட் எண் என்று ஆறு ஆஸ்கி எழுத்தாக மாற்றி எழுதும். ஜாவாஸ்கிரிப்டோ "ச" என்றே எழுதும், யுடிஎஃப்-8இல் அது மூன்று பைட். பொருள் ஒன்று, பைட்டு வேறு. அதேபோல பைத்தான் 12.0 என்று எழுதியதை ஜாவாஸ்கிரிப்ட் படித்துத் திரும்ப எழுதினால் 12 என்றாகிவிடும். எச்மேக்குக்குப் பொருள் தெரியாது, பைட்டுதான் தெரியும்.

உங்கள் பக்கம் இன்றிரவே செய்யக்கூடியது: ஜேசான் எழுதும்போது என்ஷ்யூர்_ஆஸ்கியை ஃபால்ஸ் ஆக்கி, யுடிஎஃப்-8 பைட்டாக்கி, அதற்குக் கையெழுத்திடுங்கள். முழு எண்ணாக இருக்கும் எடையை இன்ட் ஆக்கி அனுப்புங்கள். இது ஒட்டுப்போடுவது மட்டும்தான்.

அவர்கள் பக்கம் செய்ய வேண்டியது: எக்ஸ்பிரஸின் ஜேசான் பகுதிக்கு வெரிஃபை என்று ஒரு விருப்பம் உண்டு, பிரிப்பதற்கு முன்னால் வந்த பைட்டுகளை அது கையில் தரும். அதை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். இதை அவர்களிடம் பணிவாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள். உங்களுக்காக மட்டும் இல்லை. தன் ஊர்ப் பெயரைத் தன் மொழியில் எழுதிய ஒரே காரணத்தால் ஒருவருக்குப் பார்சல் வராமல் போகக்கூடாது.

கிடங்குக்காரன் | சனி, காலை 9.05

இரவே இரண்டையும் மாற்றினேன். நின்றிருந்த 11ம் போய்விட்டது. சோதனைத் தரவில் இப்போது தமிழ் முகவரி ஒன்று, புள்ளி பூஜ்ய எடை ஒன்று, வெற்றுப் பாடி ஒன்று நிரந்தரமாகச் சேர்த்துவிட்டேன். வேப்பமரத்தடி அண்ணா எழுதியதை அப்படியே கூரியர் நிறுவனப் பொறியாளருக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை வந்த பைட்டுகளை வைத்தே சரிபார்க்கும்படி மாற்றுவதாகச் சொன்னார். ஆவணத்தில் ஏபிஐ_கீ என்று இருப்பதையும் கோடு போட்ட பெயராக மாற்றுகிறார்களாம், பழைய வாடிக்கையாளருக்கு இரண்டும் செல்லும்.

திங்கட்கிழமை என் ஒட்டை எடுத்துவிட்டு, பழையபடி ஆஸ்கியாக எழுதி அனுப்பிப் பார்த்து இங்கே சொல்கிறேன்.

கிடங்குக்காரன் | திங்கள், மாலை 5.30

மாற்றிவிட்டார்கள். ஒட்டை எடுத்துவிட்டு அதே ஒன்பது முகவரியையும் சோதனைத் தளத்துக்கு அனுப்பினேன். ஒன்பதும் 200.